ஓடாத காருக்கு ஒரு கியூஆர்

சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு கலியாணக் கார்ட் வந்தது. பிள்ளையார் படத்துக்குக் கீழே, மண்டபத்தின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கியூஆர் கட்டம். அதற்கு முன்னால் போனைப் பிடித்தால் மண்டபத்துக்கு வழி காட்டும். நான் மூன்று தரம் பிடித்துப் பார்த்தேன். வழி தெரியாமல் இல்லை. எங்கள் கிணற்றடியில் நின்றாலே அந்த மண்டபத்தின் கூரை தெரியும். ஒருவரிடமும் வாய் திறந்து கேட்காமல் ஒரு விஷயத்தை அறிந்துகொள்வதில் எனக்கு ஒரு கள்ளச் சந்தோசம், அவ்வளவுதான்.

நான் வீட்டில் இருந்து சட்டை தைப்பவள். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அளவெடுக்கும்போது ஆட்களின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்தது. கடைக்குப் போனால் ஆருடைய பிள்ளை, எந்த ஒழுங்கை, ஏன் இன்னும் தனிய என்று கேட்பார்கள். கியூஆர் கட்டம் அப்படி ஒன்றும் கேட்பதில்லை. இப்போது என்னிடம் நல்ல போன் இருக்கிறது. சவர்க்காரம், விதைப் பக்கற், மருந்துப் பெட்டி என்று கட்டம் போட்ட எதைக் கண்டாலும் பிடித்துப் பார்ப்பேன். ஒருநாள் சாவகச்சேரி பஸ் நிலையத்தில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலில் ஒரு கட்டம் இருந்தது. பிடித்தேன். முன்பின் தெரியாத ஒருவருடைய செத்தவீட்டை நேரலையில் கடைசிவரை பார்த்து, ஆர் உண்மையாக அழுதார், ஆர் கமராவுக்காக அழுதார் என்று பிரித்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

ஆனால் எனக்கென்று முதன்முதலில் வந்த கியூஆர் என்னை இப்படி ஒளிந்திருந்து பார்க்க விடவில்லை. அது என்னை ஒரு காருக்குள் ஏற்றி, கண்டி வீதியால் ஊர்வலமாகக் கொண்டுபோனது.

பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலம் அது. நாட்கணக்காக வரிசையில் நின்று சனம் களைத்துப்போன பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு கியூஆர் கட்டம். வாகன இலக்கத்தையும், அடிச்சட்டத்தில் வெட்டியிருக்கும் இலக்கத்தையும் கொடுத்துப் பதிந்தால் கட்டம் வரும். அதைக் கடதாசியில் அச்செடுத்துக்கொண்டு போனால், பெற்றோல் செட்டில் நிற்பவர் தன் போனால் பிடித்துப் பார்ப்பார். இந்த வாகனத்துக்கு இந்தக் கிழமை இவ்வளவு என்று போன் சொல்லும். அதையும் வாகனத்தின் தாங்கிக்குள்தான் அடிப்பார்கள். கானும் போத்தலும் கொண்டு போனவர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

என்னிடம் ஒரு கார் இருந்தது. இருந்தது என்பதைவிட நின்றது என்று சொல்லலாம். எனக்குச் சீதனம் என்று அப்பா என் பெயரில் எழுதிவைத்த பழைய ஏ ஃபோட்டி. கார் வந்தது, மாப்பிள்ளை வரவில்லை. பிறகு ஒருநாள் திருத்தித் தருகிறேன் என்று என்ஜினைக் கழற்றிக்கொண்டு போனவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். மிச்சம் கராச்சுக்குள் நின்றது. அதன் பின்சீற்றில் என் கோழிகள் தலைமுறை தலைமுறையாக முட்டையிட்டன. கொடிகாமத்தில் பழைய இரும்பு வாங்கும் நானா ஒருவர் இருக்கிறார். தொண்ணூறில் மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு யாழ்ப்பாணம் ரவுணில் இருந்து போகச் சொல்லப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்தவர். இரண்டு மாதத்துக்கு ஒருக்கா எங்கள் படலையில் நின்று, “தங்கச்சி, அந்தக் கோழிக்கூட்டை எப்ப தாறீங்கள்?” என்று கேட்பார். நான் தலையை ஆட்டுவேன். அது ஓமா இல்லையா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பக்கத்து வளவில் ஓர் அண்ணையும் அவருடைய மனைவி அக்காவும். சொந்தம் இல்லை. ஒரே வேலி என்பதால் சொந்தம் மாதிரி. அக்காதான் எனக்கு வாய். ஆராவது சட்டை இறுக்கமென்று குறை சொல்லிக்கொண்டு வந்தால் நான் மெஷினுக்குப் பின்னால் குனிந்துவிடுவேன். அக்கா வேலிக்கு அங்காலிருந்தே, “சட்டையிலை பிழையில்லை. நீ கலியாணவீட்டுச் சாப்பாட்டைக் குறை” என்று அனுப்பிவிடுவார்.

அண்ணை மிளகாய் வைத்திருந்தார். அதற்கு முதல் போகத்தில் பசளை கிடைக்காமல் பயிர் முழுக்கப் போய்விட்டது. இந்த மிளகாயும் போனால் தோட்டத்தை விட்டுவிட்டு, வவுனியாவில் மச்சானின் கடைக்குக் குடும்பத்தோடு போய்விடுவது என்று ஒருநாள் கிணற்றடியில் வைத்துச் சொன்னார். அவர் அதிகம் கதைக்கிறவர் அல்ல. அப்படியானவர்கள் ஒன்றைச் சொன்னால் செய்துவிடுவார்கள். நானும் அந்த ரகம் என்பதால் எனக்குத் தெரியும். அவர் போனால் அக்காவும் போவார். பிறகு எனக்கு ஆர் கதைப்பது?

மிளகாய் பூத்துக் காய்க்கத் தொடங்கிய நேரம். சோளகக் காற்று அடித்து மண்ணை உலர்த்திக்கொண்டிருந்தது. நாலு நாளைக்கு ஒருக்கா இறைக்க வேண்டும். அண்ணையின் இறைப்பு மெஷின் பெற்றோலில் ஓடுவது. மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்ததை உறிஞ்சி எடுத்து, மெஷினுக்குள் விட்டு, ஒரு இறைப்பு இறைத்தார். அதோடு அந்தக் கிழமைக்குச் சரி. தோட்டம் செய்யும் கமக்காரருக்குத் தனியாகத் தரப்போகிறார்கள் என்று கதை இருந்தது. கதையை ஊற்றி மெஷினை ஓட்ட முடியாது. ஐந்தாம் நாள் நான் வேலி இடுக்குக்குள்ளால் பார்த்தேன். மத்தியான வெயிலுக்குக் கன்றுகள் தலையைத் தொங்கப்போடுவது வழக்கம். அன்று காலையிலேயே தொங்கப்போட்டிருந்தன.

அன்றைக்குத்தான் அக்கா வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

“பிள்ளை, உன்ரை காருக்கும் பெற்றோல் குடுப்பாங்களாம்.”

“அது ஓடாது அக்கா.”

“ஓடுதோ எண்டு ஆர் கேட்டவை? நம்பர் இருக்குதோ எண்டுதான் கேக்கினமாம்.”

மோட்டார் சைக்கிளுக்குக் கொடுப்பதைவிடக் காருக்கு ஐந்து மடங்கு. காய் பழுக்கும்வரை இறைக்கலாம் என்று அண்ணை சொன்னார். இது களவோ என்று நான் கொஞ்சம் யோசித்தேன். கார் உண்மை, இலக்கம் உண்மை, என் பெயர் உண்மை. ஓடுவது ஒன்றுதான் பொய். அதை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே நன்றாக வரும்.

அண்ணை காருக்கு அடியில் புகுந்து, மண்ணெண்ணெய்த் துணியால் துருவைத் தேய்த்து, இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொன்னார். பின்சீற்றில் அடை கிடந்த கோழி ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒருக்காக் கொக்கரித்தது. நான் துணியில் கோடு போடும் சோக்கால் கராச் சுவரில் எழுதினேன். சந்தியில் கொமினிக்கேசன் கடை வைத்திருப்பவர் தன் கொம்பியூட்டரில் பதிந்து, அச்செடுத்துத் தந்தார். அப்போது என்னிடம் இருந்தது பொத்தான் போன். அதில் கதைக்கலாம், படம் வராது. ஆகவே எங்கள் கையில் இருந்தது அந்த ஒரே ஒரு கடதாசிதான்.

அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கினார். புதுசு, சும்மா கொண்டுபோகக் கூடாது என்றார். சாமித்தட்டில் வைத்து, சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தார். இந்தக் கியூஆர் கட்டத்தை உற்றுப் பார்த்தால், மூன்று மூலையிலும் சதுரத்துக்குள் சதுரமாக ஒவ்வொரு பெட்டி இருக்கும். நாலாவது மூலையில் இருக்காது. அக்கா அந்த மூன்று பெட்டியையும் பார்த்துவிட்டு, “பார், பொட்டு வைக்கவெண்டே இடம் விட்டிருக்கிறாங்கள்” என்றார். ஒவ்வொரு பெட்டியிலும் பெருவிரலால் ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். வடிவாகத்தான் இருந்தது.

எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது. கேட்கவில்லை. கணக்குக் கொப்பிக்குப் பொட்டு வைக்கிறோம், தையல் மெஷினுக்கு வைக்கிறோம், சோதனைக்குப் போகும் பிள்ளையின் அட்மிசன் கார்ட்டுக்கும் வைக்கிறோம். இதற்கு மட்டும் என்ன வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை அண்ணை, கடதாசி வியர்வையில் நனைந்துவிடும் என்று அதைக் கொமினிக்கேசனுக்குக் கொண்டுபோய் லமினேற் பண்ணிக்கொண்டு வந்தார். கடைக்காரரும் ஒன்றும் சொல்லவில்லை. பொட்டு வைத்த கடதாசி அவருக்குப் புதிதா? அவருடைய லமினேற் மெஷினின் நெற்றியிலும் பொட்டு இருக்கிறது. பொட்டு மூன்றும் உள்ளே போக, பிளாஸ்டிக் மேலே மூடிக்கொண்டது.

சனிக்கிழமை காலை பெற்றோல் பவுசர் வந்துவிட்டதென்று செய்தி வந்தது. அன்றோடு அந்தக் கிழமைப் பங்கு முடிந்துவிடும். மிளகாய்க்கு அது ஏழாம் நாள்.

காரை வெளியில் எடுப்பதே ஒரு வேலை. எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பெற்றோல் இல்லாத காலம் புதிதல்ல. சண்டைக் காலத்தில் பழகிய கைவைத்தியமெல்லாம் வெளியில் வந்தது. இரண்டு ரயரில் காற்று நின்றது. மற்ற இரண்டுக்கும் தேங்காய்த் தும்பு அடைத்தார்கள். தாங்கியில் இருந்த ஓட்டைக்கு நனைத்த சவர்க்காரத்தை அப்பினார்கள். பிரேக் இல்லை. அதற்குப் பதிலாக, ஒரு பனங்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் சில்லுக்குப் பக்கத்தில் நடந்து வருவதாக ஏற்பாடு. அடை கிடந்த கோழியை எழுப்ப அக்கா விடவில்லை. முட்டை கூழாகிவிடும் என்றார். ஆகவே கோழியும் வந்தது.

ஒழுங்கையில் இருந்த ஐந்து ஆண்கள் தள்ள வந்தார்கள். ஸ்ரேறிங்கைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“எனக்கு ஓடத் தெரியாது” என்று அக்காவின் காதுக்குள் சொன்னேன்.

“கார் ஓடினால்தானே நீ ஓட வேணும்” என்றார் அக்கா. “ஆம்பிளையள் தள்ளட்டும். நீதான் நிறை குறைவு. ஏறு.”

ஏறினேன். கொரோனா போன பிறகும் நான் மாஸ்க்கை விட்டிருக்கவில்லை. அதைக் கண்வரை இழுத்துவிட்டேன். ஒழுங்கையைவிட்டுக் கண்டி வீதியில் ஏறியதும் பஸ்களெல்லாம் கோர்ண் அடித்தன. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். எதிரே வந்த ஒரு கிழவர் சைக்கிளால் இறங்கி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். ஒரு வாகனத்துக்குப் பின்னால் இத்தனை பேர் தலையைக் குனிந்துகொண்டு மெல்ல நடந்து வந்ததால் செத்தவீடு என்று நினைத்துவிட்டார். நானும் தலையைக் குனிந்து அவருடைய மரியாதையை ஏற்றுக்கொண்டேன். வேறென்ன செய்வது.

வரிசையில் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. எங்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றவர் அந்த நானா. காரைக் கண்டதும் இறங்கி வந்து, அதைச் சுற்றி ஒருக்கா நடந்தார்.

“தங்கச்சி, என்ரை கடை இந்தப் பக்கமில்லை, மற்றப் பக்கம். தள்ளுறதெண்டால் அங்காலை தள்ளுங்கோ.”

அக்கா விடுவாரா. “நானா, உங்கடை தராசு இந்த நிறையைத் தாங்காது” என்றார். தள்ளிக் களைத்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. அவர் சூரியனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்துக்கு மிளகாய் எப்படி நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

வரிசை நகர இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. இப்படியான இடங்களில் நான் ஆட்களின் முகத்தைப் பார்க்கமாட்டேன். கையைத்தான் பார்ப்பேன். அன்று எல்லாக் கையிலும் ஒரு கியூஆர் கடதாசி இருந்தது. மடித்தது, சுருட்டியது, விசிறியாக வீசியது, தலையில் வெயிலுக்குப் பிடித்தது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு காருக்குள் இருந்தேன்.

எங்கள் முறை வந்தது. பெற்றோல் பம்பில் நின்ற தம்பி காருக்குள் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின்சீற்றைப் பார்த்தார்.

“கோழிக்குத் தனிக் கியூஆரோ அக்கா?” என்று என்னிடம் கேட்டுக்கொண்டே போனை எடுத்து, எங்கள் கடதாசிக்கு மேலே பிடித்தார்.

போன் ஒன்றும் சொல்லவில்லை. கிட்டப் பிடித்தார், தூரப் பிடித்தார், தன் தொப்பியைக் கழற்றி நிழல் பிடித்தார். ஒன்றும் இல்லை. பிறகு கடதாசியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“இதென்ன, அர்ச்சனை செய்ததோ? மூலை மூண்டும் மூடிக் கிடக்கு. மூலை தெரிஞ்சால்தான் போன் பிடிக்கும்.”

எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். பொட்டு பிளாஸ்டிக்குக்குக் கீழே பத்திரமாக இருந்தது. புதுசாக அச்செடுத்துக்கொண்டு வாருங்கள், இப்போது காரை ஓரமாக எடுங்கள் என்றார். கொமினிக்கேசன் கடை இருக்கும் பக்கம் அந்த நேரம் மின்வெட்டு. மத்தியானம் தாண்டித்தான் கரண்ட் வரும். அதற்குள் பெற்றோல் முடிந்துவிடும் என்று அவரே சொன்னார். பின்னால் கோர்ண் சத்தம் தொடங்கிவிட்டது.

தள்ளி வந்த ஐந்து பேரும், பனங்கட்டையோடு நின்றவரும் அக்காவைப் பார்த்தார்கள். அண்ணை பார்க்கவில்லை. அவர் வீதிக்கு அந்தப் பக்கத்தில் இருந்த வெறும் வளவைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை. அக்கா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு பேசாமல் நின்றார். அத்தனை வருடத்தில் அக்கா பேசாமல் நின்று நான் கண்டது அன்றுதான்.

இரண்டு மணித்தியாலம் கடதாசிகளைப் பார்த்திருந்தேன் என்று சொன்னேன் அல்லவா. ஒவ்வொரு கடதாசியிலும் நடுவில் இருந்த புள்ளிகள் வேறு வேறு. மூன்று மூலையில் இருந்த பெட்டி மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுதான். சட்டை தைக்கிறவளுக்கு அது விளங்கும். உடம்பு ஆளுக்கு ஆள் மாறும். கொலர் வெட்டும் அச்சு ஒன்றுதான்.

காரால் இறங்கி, வழக்கம்போல் அக்காவின் காதுக்குள் சொன்னேன். அக்கா அதை எடுத்துச் சொல்வார் என்று காத்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை. கேட்டதோ என்னவோ. பிறகு நானே மாஸ்க்கை இறக்கினேன்.

“அண்ணை, உங்கடை மோட்டச்சைக்கிள் கடதாசி இருக்கோ?”

அவர் சேட் பைக்குள்ளிருந்து எடுத்தார். அதே கடையில், அதே அளவில் அடித்தது. பொட்டு இல்லை.

“இதின்ரை மூண்டு மூலையையும் வெட்டி அதுக்கு மேலை ஒட்டினால் சரி. மூலை எல்லாருக்கும் ஒண்டுதான்.”

அக்காவுக்கு வாய் திரும்பி வந்தது அப்போதுதான். பாய்ந்து வந்து கடதாசியைப் பறித்துக்கொண்டார்.

“உனக்கென்ன விசரே? சங்கக்கடையிலை கூப்பனை எப்பிடி வெட்டினவங்கள்? ஒரு மூலை வெட்டினால் ஒரு கிழமைச் சாமான் முடிஞ்சுது. மூண்டு மூலையும் வெட்டினால் மூண்டு கிழமை போச்சு.”

இதைக் கேட்டதும் சுற்றி நின்றவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். நிவாரணக் கூப்பனில் வளர்ந்த சனம் நாங்கள். வெட்டின கடதாசிக்கு ஒருவனும் சாமான் தரமாட்டான் என்பது எங்கள் எலும்பில் ஊறியது. எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், நான் தன்னிடம் கேட்டுவிடுவேனோ என்று தன் கடதாசியை மெல்லச் சேட்டுக்குள் விட்டுப் பொத்தானைப் பூட்டினார். பம்பில் நின்ற தம்பிக்கும் தெரியவில்லை. தான் ஒருநாளும் வெட்டிப் பார்க்கவில்லை என்றார்.

அண்ணை அக்காவுக்குக் கிட்ட வந்தார்.

“மிளகாய் செத்தாப் பிறகு மோட்டச்சைக்கிளிலை எங்கை போறது? வவுனியாவுக்கோ?”

மெல்லத்தான் கேட்டார். அக்கா கடதாசியின் கசங்கலைத் தொடையில் வைத்து நீவினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“நேரா வெட்டு.”

நூல் வெட்டும் சின்னக் கத்திரிக்கோல் எப்போதும் என் பேர்சுக்குள் இருக்கும். காரின் முன்மூடியில் கடதாசியை விரித்து, பெட்டியைச் சுற்றி வெள்ளை ஓரம் கொஞ்சம் விட்டு, மூன்றையும் வெட்டினேன். பட்டுச் சட்டைக்குக் கழுத்து வெட்டும்போதுகூட அவ்வளவு மெதுவாக வெட்டியதில்லை. வெட்டி முடிய, ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கோந்து இல்லை, ரேப் இல்லை. சோற்றுப் பருக்கை என்றால் ஒட்டும் என்று நானாதான் சொன்னார். வரிசையில் நின்ற ஒருவர் தன் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்தார். உள்ளே புட்டு.

“புட்டு புட்டோடையே ஒட்டாது” என்றார் நானா. பிறகு வரிசையின் கடைசிவரை கேட்கும்படியாக, “சோறு கொண்டுவந்தவை ஆர்? ஒரு பிடி போதும், பறிச்சுத் தின்னமாட்டம்” என்று கூப்பிட்டார். ஒரு பஸ் கொண்டக்டர் தன் பார்சலைக் கொடுத்தனுப்பினார். நான் பருக்கையை விரலால் நசித்து, ஒவ்வொரு பொட்டுக்கு மேலேயும் ஒவ்வொரு மூலையை வைத்து அழுத்தினேன். மேலே கறுப்பு, கீழே குங்குமம், நடுவில் ஆரோ ஒருவருடைய மத்தியானச் சோறு.

தம்பி தயங்கினார். “ஒட்டுவேலை செய்த கியூஆரைப் பிடிச்சுக் கள்ளக் கியூஆர் எண்டு வந்தால் நான்தான் பதில் சொல்ல வேணும்.”

“நீ போனைப் பிடி தம்பி” என்றார் நானா. “கள்ளமோ இல்லையோ எண்டு அது சொல்லட்டும். அதுக்கு எங்களைத் தெரியாது.”

பிடித்தார். ஒன்றும் இல்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மூலை பருக்கைக் கட்டியில் ஏறிச் சரிந்து நின்றதை நான் கண்டேன். அதைப் பெருவிரலால் நன்றாக நசித்து நேராக்கினேன். இன்னொரு தரம் என்று சொன்னேன். அதையும் நான்தான் சொன்னேன்.

போன் கிணுங்கியது.

தம்பி திரையைப் பார்த்து இலக்கத்தை வாசித்தார். காரின் இலக்கம்தான், மோட்டார் சைக்கிளின் இலக்கம் அல்ல. பின்னால் போய் இலக்கத் தகட்டை விரலால் துடைத்துப் பார்த்துவிட்டு வந்தார். சரியாகத்தான் இருக்கிறது என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொல்லிவிட்டுக் குழாயை எடுத்தார். பெற்றோல் தாங்கிக்குள் விழும் சத்தத்தை நாங்கள் எல்லோரும் குனிந்து நின்று கேட்டோம். சவர்க்காரம் தாங்குமோ என்று பார்ப்பதாகச் சாட்டு. அக்கா மூலையில்லாத மோட்டார் சைக்கிள் கடதாசியை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அடுத்த கிழமை புதுசாக ஒன்று அச்செடுத்துக்கொண்டு போய், ஒரு துளியும் குறையாமல் எல்லாம் கிடைத்த பிறகுதான் அவர் என்னை முழுதாக மன்னித்தார்.

திரும்பித் தள்ளும்போது கார் பாரமாக இருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. நானா தன் பெற்றோலை அடித்துக்கொண்டு எங்களுக்குப் பக்கத்தால் மெதுவாக வந்து, ஒழுங்கை முடக்கில் ஒரு தரம் இறங்கித் தள்ளியும் விட்டார். போகும்போது, இனி இந்தக் காரைக் கேட்கமாட்டேன், இது இரும்பில்லை, கிணறு என்றார்.

பின்னேரம் தோட்டத்துக்கு இறைக்கப் புறப்பட்டோம். அண்ணை காரின் தாங்கிக்குள் குழாயை விட்டு, வாயால் உறிஞ்சி, காறித் துப்பி, கானை நிரப்பிக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார். மூன்று தரம் இழுத்தபிறகு மெஷின் பிடித்தது. தள்ளினவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்கள். அக்கா மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்று, பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாற்றிவிட்டார். என்னைக் கடைசிப் பாத்தியில் நிற்கச் சொன்னார்கள். தண்ணீர் அங்கே வந்து நிரம்பியதும், இனிப் போதும், காணும் என்று நான் கத்த வேண்டும். கத்தினால் அண்ணை உடனே மெஷினை நிறுத்துவார். ஒரு நிமிடம் பிந்தினாலும் பெற்றோல் வீண் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார்.

கிணற்றடி தூரத்தில் இருந்தது. மெஷின் சத்தம் பெரிது. அதற்கு மேலால் கேட்கும்படி கத்துவது எப்படி என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு நின்றேன். வெடித்துக் கிடந்த வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு, சருகைத் தள்ளிக்கொண்டு வந்தது. கடைசிப் பாத்திக்குள் நுழைந்ததும் மண் அதைச் சத்தத்தோடு குடித்தது. ஒரு அங்குலம் நிற்கவில்லை. இன்னும் வந்தது, இன்னும் குடித்தது. பிறகு மெல்ல நிரம்பி, கன்றுகளின் அடியில் வெயிலைக் காட்டிக்கொண்டு நின்றது.

கத்த வேண்டிய நேரம் அதுதான். நான் கத்தவில்லை. ஏழு நாள் காய்ந்து கிடந்த பாத்தி, இன்னும் கொஞ்சம் குடிக்கட்டும் என்று பேசாமல் நின்றேன். தண்ணீர் வரம்பைத் தொட்டு, என் காலில் ஏறிய பிறகு, இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கத்தினேன்.

“அண்ணை, காணும்.”

மெஷின் நின்றது. முதல் தரத்திலேயே கேட்டிருக்கிறது.